சாப் வீட்டில் இல்லை

மோதி பாக் சர்க்கார் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு டெலிபோன் வந்த புதிதில், என்னைத் தேடி வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரு மனை விற்பவனுடையவை. ஃபரீதாபாத்துக்கு அப்பால் ஏதோ காலனியாம். இன்று பொட்டல், நாளை சொர்க்கம். சனிக்கிழமையும் ஆபீஸ் லீவு என்று சர்க்கார் அறிவித்ததும் எனக்கு மதியத் தூக்கம் கிடைத்தது. அவனுக்கு நான் கிடைத்தேன். சாப்பிட்டுக் கண் சொக்கும் நேரம் பார்த்து மணி அடிப்பான்.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "ஏன் வேண்டாம்?" என்பான். அதை விளக்குமளவுக்கு என்னிடம் இந்தி கிடையாது. ஆபீஸில் வைத்த இந்திப் பரீட்சைகளை எல்லாம் பாஸ் பண்ணியவன்தான் நான். ஆனாலும் நான் வாயைத் திறந்ததும் மார்க்கெட்டில் காய்காரன் இரக்கப்பட்டுத் தமிழில் விலை சொல்வான்.

ஒரு மதியம், அரைத் தூக்கத்தில் ரிசீவரை எடுத்து, "சாப் கர் பே நஹீ ஹை" என்றேன். எஜமான் வீட்டில் இல்லை என்று அர்த்தம். "நீ யார், வேலைக்காரனா?" என்று கேட்டான் அவன். "ஹாஞ்ஜி" என்றேன். துளி சந்தேகம் வரவில்லை அவனுக்கு. இத்தனை வருஷ டெல்லி வாழ்க்கையில் என் இந்தி எனக்கு உதவியது அன்றைக்குத்தான்.

அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லையே. அடுத்த வாரம், "உன் சாப் எப்படிப்பட்ட ஆள்?" என்று விசாரித்தான். எனக்கும் குஷி பிறந்துவிட்டது. மகா கஞ்சன் என்றேன். காபியில் சூடு குறைந்தால் வீடே அதிரும், தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடியைக்கூட மேம்சாப்தான் எடுத்துத் தர வேண்டும் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அந்த சாப்பைப் பிடிக்காமல் போயிற்று. "பொறுத்துக்கோ பையா" என்று தேற்றிவிட்டு, இனிமேல் மேம்சாப்பிடமே பேசப்போவதாகச் சொன்னான். மனை வாங்குகிற விஷயம் பெண்களுக்குத்தான் புரியுமாம்.

அந்த மேம்சாப், அதாவது என் மனைவி, அப்போது வேறொரு போனுக்காகக் காத்திருந்தாள். ஜனக்புரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ போய் வந்திருந்தாள். பிரின்சிபாலே கூப்பிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருந்தார்களாம். குளிக்கப் போனாலும், "மணி அடிச்சா கதவைத் தட்டுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். படித்த படிப்பு துருப்பிடிக்கிறது என்ற ஏக்கம் அவளுக்கு. நான் "தாராளமாப் போயேன்" என்று சொல்லியிருந்தேன். "ரெண்டு பஸ் மாறணுமே? காலையில காபி?" என்று அதே மூச்சில் கேட்டும் இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அவள் சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். போன் அடித்தது. ஒரு பெண் குரல், இந்தியில், மேம்சாப் இருக்கிறாரா என்று கேட்டது. ஓகோ, மனைக்காரன் ஆள் மாற்றிப் பேச விடுகிறானா என்று நினைத்தேன். மேம்சாப்பிடம் பேசிப் பிரயோஜனமில்லை, இந்த வீட்டில் சாப் வைத்ததுதான் சட்டம் என்றேன்.

கொஞ்சம் தயங்கி, "அவங்க வேலைக்குப் போறதுல சாப்புக்குச் சம்மதமா?" என்றது குரல். மனை விற்பவளுக்கு இது எதற்கு என்று எனக்கு உறைக்கவே இல்லை. "வேலைக்கா? கேட் வரைக்கும் விடமாட்டார். அப்புறம் அவருக்குக் காபி யார் போடுவது?"

பிறகு அந்த அம்மாள் நிதானமாக, தான் பள்ளிக்கூடப் பிரின்சிபால் என்றார். வேலை மேம்சாப்புக்குத்தான், சாயங்காலத்துக்குள் பதில் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். நான்தான் புருஷன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எந்த வாயால் சொல்வது? "அச்சா ஜி" என்று வேலைக்காரன்தான் போனை வைத்தான். தவளை தன் வாயால் கெட்டதும் அல்லாமல், பெண்டாட்டியையும் சேர்த்தல்லவா கெடுத்துவிட்டது.

அவள் வந்ததும், "பிரின்சிபால் பேசினாங்க. வேலை உனக்குத்தானாம். உடனே கூப்பிடு" என்றேன். மீதியைச் சொல்லத் தைரியம் வரவில்லை. பையைப் போட்டுவிட்டுப் போனுக்கு ஓடினாள். உருளைக்கிழங்கு சிதறி ஓடியது. நான் கட்டிலுக்கடியில் குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன். அந்த நேரத்துக்கு அதைவிட நல்ல இடம் அந்த வீட்டில் இல்லை.

முதலில் சிரித்துப் பேசினாள். பிறகு, "நௌக்கர்?" என்றாள். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் வேலைக்காரன் என்று யாரும் கிடையாது. இரண்டு வாரமாக அவள் காத்திருந்த வேலையை நான் ஒரு மதியத் தூக்கத்துக்கு விற்றுவிட்டேன் என்று தோன்றியது.

அவள் நல்ல இந்தியில், தெளிவாகச் சொன்னாள். "எங்க வேலைக்காரன் பொய் சொல்ல மாட்டான், மேடம். ஆனா ஒரு விஷயம் அவனுக்குத் தெரியாது. திங்கட்கிழமை நான் வர்றேன்."

போனை வைத்தாள். "அது சும்மா கேலிக்குச் சொன்னது" என்றேன், கட்டிலுக்கடியிலிருந்தே.

"கேலிக்குத்தான் சொன்னிய. ஆனா அத்தனையும் நெசம்லா?" என்றாள். "அந்தா, சுவரோரம் இன்னும் ரெண்டு கிடக்கு பாருங்க." கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. எனக்கு வெட்கமாக இருந்தது.

பள்ளிக்கூடத்துக்குச் சனிக்கிழமை லீவு கிடையாது. அடுத்த சனிக்கிழமை போன் அடித்தபோது நான் முழங்கை வரை தோசைமாவில் இருந்தேன். ஈரக் கையோடு எடுத்தேன். அவனேதான். சாப் இருக்கிறாரா என்று கேட்டான்.

"சாப் கர் பே நஹீ ஹை" என்றேன். அன்றைக்கு நான் பொய் சொல்லவில்லை.