சுடுகிற களத்தில் ஒரு பங்கு

மயில்வாகனத்தின் நெல்லு மில்லைக் கடக்கும்போதெல்லாம் அழகம்மா ஒருமுறை காறித் துப்புவாள். வன்னியில் கண்டாவளைப் பக்கத்தில் அவளைத் தெரிந்த எல்லாருக்கும் இது தெரியும். கோயிலுக்குப் போகிற வழியென்றாலும் துப்பிவிட்டுத்தான் போவாள். "சாமி கோவிச்சுக்காதா?" என்று யாராவது கேட்டால், "சாமிக்குக் காலு சுட்டதில்ல" என்பாள்.

காரணம் இல்லாமல் இல்லை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லய வீடுகளுக்குத் தீ வைத்துத் துரத்தியபோது, கணவன் ஆண்டியப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு வயிற்றுப் பிள்ளையோடு இந்த மண்ணில் வந்து இறங்கியவள் அவள். கிடைத்த முதல் வேலை அந்த மில்லில்தான். அவித்த நெல்லைச் சீமெந்துக் களத்தில் பரப்பிவிட்டு, அது காய்ந்து முடியும்வரை பெண்கள் காலால் கிளறிக்கொண்டே நடக்க வேண்டும். நெல் என்றால் லட்சுமி. லட்சுமியைச் செருப்புக் காலோடு மிதிக்கலாமா? ஆகவே வெறுங்கால். மத்தியான வெயிலில் அந்தக் களம் அப்பம் சுடுகிற தாச்சிதான். லட்சுமிக்குக் கொடுத்த மரியாதையில் இந்தப் பெண்களின் உள்ளங்கால் உரிந்தது.

அந்தத் தாச்சியில் அவளைக் காப்பாற்றியவள் வடிவம்மா. அவளும் மலையிலிருந்து வந்தவள்தான், ஆனால் சில வருஷம் முந்தியே வந்துவிட்டவள். தனியாள். வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. அழகம்மாவுக்கு வயிறு தள்ளிய மாதங்களில், "நீ போய் அந்த வேப்ப மர நெழல்ல குந்து புள்ள" என்று விரட்டிவிட்டு, தன் வரிசையையும் நடந்து அவள் வரிசையையும் நடந்தாள். மேற்பார்வைக்காரன் முறைத்தால், "நெல்லு காஞ்சாப் போதுமில்ல? யாரு காலுன்னு நெல்லு கேக்குதா?" என்பாள். பிள்ளை சுகமாகப் பிறந்தது. அந்த நன்றியை அழகம்மா எந்தப் படியால் அளப்பாள்?

பிறகு ஆண்டியப்பன் காடு வெட்டினான், கிணறு தோண்டினான். மிளகாய் கைகொடுத்தது, நெல்லும் விளைந்தது. அழகம்மா களத்தை விட்டு வெளியே வந்தாள். காடு வெட்டித் தர ஆளில்லாத வடிவம்மா களத்திலேயே நின்றுவிட்டாள்.

எண்பத்துமூன்று மாசியில், காலபோக அறுவடை முடிந்த கையோடு, மயில்வாகனம் அவர்கள் வீட்டுப் படலையில் சைக்கிளைச் சாத்தினார். அவளை வருஷக் கணக்கில் "ஏய்" என்று கூப்பிட்ட அதே வாய் இப்போது, "இருங்கோ, தேத்தண்ணி ஒண்டும் வேண்டாம்" என்றது. வயல் வந்தால் மரியாதையும் கூடவே வரும்போல.

"புது மிசின் ஒண்டு எடுக்கப் போறன். நாலைஞ்சு பேரைக் கூட்டுச் சேர்க்கிறன். நீங்களும் ஒரு பங்கு போடுங்கோ. பங்காளியின்ரை நெல்லு முதல்லை அவியும். போகத்துக்குப் போகம் பங்கு அரிசியும் வீடு தேடி வரும்."

ஆண்டியப்பனுக்கு வாயெல்லாம் பல். போன வருஷம் மில்லில் முறை வருவதற்குள் மழை வந்து அவர்கள் நெல் முளைத்துப் போயிருந்தது. பால் மாட்டையும் கன்றையும் விற்றால் பங்கு போட்டுவிடலாம். ஆனால் மயில்வாகனத்தின் சைக்கிள் மறைந்ததுமே அழகம்மா மறுத்துவிட்டாள்.

"அக்கா காலு வேகுற எடத்துல எனக்குப் பங்கு வேணாம்."

"இப்ப நம்ம நெல்லு எங்க காயுது? வானத்துலயா?" என்றான் ஆண்டியப்பன். "கூலி குடுத்து அவிச்சாப் பாவமில்ல, பங்கு போட்டா மட்டும் பாவமா?"

அவன் கேட்டது நியாயம்தான். ஆனால் அந்தப் பங்கு அரிசி தொண்டையில் இறங்காது என்பது மட்டும் தெரிந்தது. இதைக் கேட்டு வடிவம்மா ஒருமுறை முகம் சுளித்தால் போதும், எல்லாம் போய்விடும். வடிவம்மா போனால் இந்த மண்ணில் அவளுக்குத் தாய்வீடு என்று சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? வெற்றிலையை மடியில் முடிந்துகொண்டு நேரே அவளிடமே போனாள்.

வடிவம்மா காலுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"நீ வேணாமுன்னா வெயில் கொறஞ்சிருமா? நீ போடாட்டி வேற எவனாச்சும் போடுவான். அவனுக்குக் காலு சுட்டிருக்குமா?"

"ஒங்க கால வித்துத் திங்கிற மாதிரி இருக்கும்க்கா."

"அடி போடி." வடிவம்மா வெற்றிலையை வாங்கி நரம்பு கிள்ளினாள். "பங்கு போட்ட பொறவு கேட்டா அது பிச்ச. போடுறதுக்கு முன்ன கேட்டா பேரம். போய் எங்க காலுக்கு ஒரு வழி கேளு."

மறுநாள் அழகம்மா மில்லுக்குப் போனாள். அன்று மட்டும் துப்பவில்லை. மில்லோடு ஒட்டிய வீட்டில் மயில்வாகனம் அவள் உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டார். அவள் நின்றபடியே சொன்னாள்.

"களத்துப் பொம்பளைங்க காலுக்கு எதாச்சும் போட்டுக்கணும். உச்சி வெயில்ல கொஞ்ச நேரம் நெழல்ல குந்தணும். சரின்னா மாட்ட விக்கிறேன்."

"செருப்போ!" மயில்வாகனம் எழுந்தே விட்டார். "லட்சுமியைச் செருப்புக் காலாலை மிதிக்கிறதோ? நாங்கள் சைவக்காரர்!"

"செருப்பு வேணாங்க. லட்சுமியச் சாக்குலதான கட்டி வச்சிருக்கீங்க? அந்தச் சாக்குலயே காலுக்கு உறை தச்சுப் போட்டுக்கிறோம்."

குசினி அடுப்படியிலிருந்து மயில்வாகனத்தின் மனைவி சிவலட்சுமியின் குரல் வந்தது: "அவா சொல்லுறதிலை என்ன பிழை? ஓம் எண்டு சொல்லுங்கோவன்."

மயில்வாகனம் உறைக்கு ஓம் என்றார். மத்தியான ஓய்வுக்குத் தலையைச் சொறிந்து, மழை இருட்டிக்கொண்டு வராத நாளில் மட்டும் என்றார். கூலியில் ஒரு சதம்கூட ஏற்றவில்லை. நாய் வாலை யாரால் நிமிர்த்த முடியும்? அழகம்மாவுக்கு அந்த மில் மீது அன்றும் பிரியம் வரவில்லை, பிறகும் வரவில்லை. ஆனாலும் மாட்டை விற்றாள்.

அடுத்த சிறுபோக அறுவடை முடிந்து முதல் பங்கு அரிசி மூட்டையாக வந்து இறங்கியபோது, நாடு மறுபடி எரிந்து ஓய்ந்திருந்தது. ஆடிக் கலவரத்துக்குத் தப்பிய சனம் லொறி லொறியாக வன்னிக்கு வந்துகொண்டிருந்தது. அழகம்மா மூட்டையை வண்டிலில் ஏற்றி வடிவம்மாவின் வாசலில் இறக்கினாள்.

"இது ஒங்களுக்குத்தான்க்கா. எனக்காக நடந்தீங்களே, அதுக்கு."

வடிவம்மா ஒரு சுளகு நிறைய அரிசியை அள்ளிக்கொண்டாள்.

"மிச்சத்தப் புள்ளைங்களுக்குப் பொங்கு. சாக்கக் காலி பண்ணிக் கொண்டா. களத்துக்குப் புதுசாப் பொண்ணுங்க வந்திருக்கு, உறை பத்தல. ஒருத்தி முழுகாம இருக்கா, அவ வரிசையையும் நாந்தான் நடக்குறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "முன்ன மாதிரி முடியல புள்ள."

முடியவில்லை என்று வடிவம்மா சொல்லி அழகம்மா கேட்டதேயில்லை. வீட்டுக்குப் போய் அரிசியைக் கொட்டிவிட்டு, அப்போதே சாக்கை வெட்டித் தைக்க உட்கார்ந்தாள்.

மறுநாள் வெயில் ஏறியபோது மயில்வாகனம் களத்தைப் பார்த்துத் திகைத்துப் போனார். சேலையை வரிந்து கட்டி, காலில் சாக்குறையோடு, பங்காளி அழகம்மா நெல்லைக் கிளறிக்கொண்டு நடந்தாள்.

"இதென்ன பழக்கம்? பங்காளி வந்து நெல்லுக் கிளறுறதோ? இஞ்சை வந்து கதிரையிலை இருங்கோ!"

"வர்றேங்க. ரெண்டு வரிசை இருக்கு, முடிச்சிட்டு வர்றேன்."

வேப்ப மர நிழலில் தள்ளிய வயிற்றோடு அந்தப் புதுப்பெண் குந்தியிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு, வடிவம்மா உட்கார்ந்திருந்தாள்.