பெர்பெச்சுவா கொடுத்த கயிறு

நந்தோம் சந்தையைச் சுற்றியுள்ள ஊர்களில் யூலேலியாவின் பிட்டோவைக் குடிக்காதவர்கள் இரண்டே வகை. பால்குடி மறக்காத பிள்ளைகள் ஒரு வகை. தவக்காலத்தில் குடிப்பதில்லை என்று கோயிலில் சபதம் எடுத்தவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையில் எவரும் ஈஸ்டர் வரை தாக்குப்பிடித்ததாகத் தகவல் இல்லை.

பிட்டோ என்பது சிவப்புச் சோளத்தை முளைகட்டி, இடித்து, காய்ச்சி, புளிக்கவைத்த கள். சோளம் எல்லார் வீட்டிலும் ஒன்றுதான், அடுப்பும் ஒன்றுதான். புளிக்கவைக்கும் உறைதான் வேறு. யூலேலியாவின் உறை ஒரு புரிக்கயிற்றில் இருந்தது. ஆறின சாற்றில் அதைப் போடுவாள், இரவெல்லாம் நுரைக்கும், காலையில் மண்டியோடு எடுத்து நிழலில் உலர்த்தி அடுப்பங்கரைச் சுவரில் மாட்டுவாள். அடுத்த காய்ச்சலுக்கு அதே கயிறு. மருமகளாக வந்த நாளில் மாட்டியது. அவளுடைய பிள்ளைகளைவிட அதற்கு வயது அதிகம், அவர்களைவிடச் சொன்ன பேச்சும் கேட்கும்.

ஊரில் ஒரு வழக்கம் உண்டு. உறை கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. வாங்கியவள் நன்றி சொல்லக்கூடாது. நன்றி சொன்னால் கணக்குத் தீர்ந்தது என்று பொருள்; உறையில் கணக்குத் தீரவே கூடாது. இன்றைக்கு என் கயிறு உன் வீட்டில், நாளைக்கு என்னுடையது கெட்டால் உன்னுடையது என் வீட்டில்.

அந்த ஆண்டு அறுவடை முடிந்ததும் யூலேலியாவின் இறந்துபோன கணவன் கூயிரேயின் துக்கத்தை முடிக்கும் சடங்கை நடத்த வேண்டியிருந்தது. அதற்கான பிட்டோவை விதவைதான் தன் கையால் காய்ச்சவேண்டும். அது நுரைத்தால் செத்தவன் மனம் ஆறிப் போனான் என்று பொருள். நுரைக்காவிட்டால், உயிரோடிருப்பவர்களுக்குப் பேச நிறைய விஷயம் கிடைக்கும்: இவள் என்ன செய்தாளோ, இவளை இந்த வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

சடங்குக்காக வீட்டைச் சுத்தம் செய்தபோது, வா என்ற நகரத்தில் வளர்ந்த மருமகள் ஜெசிந்தா, சுவரில் தொங்கிய அழுக்குக் கயிற்றையும் விட்டுவைக்கவில்லை.

"அத்தே, அது என்ன கயிறோ, ஒரே நாத்தம். ரெண்டு தடவ சோப்புப் போட்டுத் துவைச்சிட்டேன். இப்பப் பாருங்க, பளிச்சுனு!"

யூலேலியா கயிற்றை முகர்ந்து பார்த்தாள். எலுமிச்சை மணந்தது.

"ரொம்ப நல்லதும்மா," என்றாள். "மாமாவைக் குளிப்பாட்டினப்பகூட இவ்வளவு சுத்தமா இல்ல."

ஜெசிந்தாவுக்குப் புரிந்தபோது அழுதாள். யூலேலியா பதறவில்லை. ஊரில் பாதிக் கயிறு அவளுடைய கயிற்றின் குட்டிகள். நேரே பெர்பெச்சுவா வீட்டுக்குப் போனாள். இருவரும் ஒரே ஊரில் பிறந்து, ஒரே வருஷம் இங்கே வாழ்க்கைப்பட்டவர்கள். சந்தையில் மாமரத்தடியில் யூலேலியா விற்பாள். நாலடி தள்ளி, வெயிலில், பெர்பெச்சுவா விற்பாள்.

"அடிப்பாவி, இதுக்கா மூச்சிரைக்க வந்த?" என்று பெர்பெச்சுவா சிரித்தாள். உள்ளே போனாள். கொஞ்சம் நேரமாயிற்று. கயிற்றை இலையில் சுற்றிக்கொண்டு வந்தாள். "எடுத்துட்டுப் போ. உன்னோடதுதானே."

யூலேலியா வழக்கப்படி நன்றி சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். அன்றே அடுப்பு மூட்டினாள். மறுநாள் சந்தைக்குக்கூடப் போகாமல் காய்ச்சி முடித்து, சாறு ஆறியதும் சாயங்காலம் கயிற்றைப் போட்டாள். துக்கப் பிட்டோவுக்குக் கடுப்பு ஏற ஒரு நாள் கூடுதலாக விடுவது வழக்கம்.

காலையில் பானை குளம்போலக் கிடந்தது. முகம் பார்க்கலாம். ஒரு நுரை இல்லை.

கொழுந்தன் பாயுவோ வந்து எட்டிப் பார்த்தான். பிறர் வீட்டுப் பானையை எட்டிப் பார்ப்பதைத் தவிர அவனுக்கு வேறு தொழில் இருந்ததில்லை.

"என்ன அண்ணி, அண்ணன் இன்னும் தூங்குறாரா?"

"நீ எழுப்பிப் பாரேன். உன் குரலுக்குத்தான் அவர் பயந்து ஓடுவார்."

"விளையாட்டு இல்ல அண்ணி. நாளைக்குப் பெரியவங்க வருவாங்க. பானை பேசலைன்னா அவங்க பேசுவாங்க."

வெயில் ஏறியபோது பெர்பெச்சுவா வந்தாள். பின்னால் இரண்டு பெண்கள், தலைக்கொரு பானை.

"கேள்விப்பட்டேன்டி. மனசு கேக்கல. இத வெச்சுச் சடங்க நடத்து. மானம் போகக்கூடாது பாரு."

பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். இப்படி ஒரு தோழி யாருக்கு வாய்ப்பாள் என்றார்கள். "மாமரத்தடிய இனிமே இவதான் பாத்துக்கணும் போல," என்றான் பாயுவோ. பெர்பெச்சுவா அதை மறுக்கவில்லை.

வழக்கப்படி கொண்டுவந்தவளே முதல் வாய் குடித்துவிட்டுச் சுரைக்குடுவையை நீட்டினாள். யூலேலியா குடித்தாள். தன் உறையேதான், உயிரோடு, நாக்கில் நின்று பேசியது.

குடுவை கையிலேயே இருந்தது. நேற்றுத்தான் சந்தை முடிந்தது. சந்தைக்கு மறுநாள் குடிக்க ஆள் ஏது? எவளும் பிட்டோ வைத்திருக்கமாட்டாள். இன்றைக்கு இரண்டு பானை தயாராக இருக்கவேண்டுமானால், கயிறு வாங்கத் தான் போன அன்றே பெர்பெச்சுவா அடுப்பு மூட்டியிருக்கவேண்டும். யாருக்காக?

யூலேலியா உள்ளே போய், சாற்றில் கிடந்த கயிற்றை எடுத்து முறித்தாள். ஊறிய புரி வளையவேண்டும். இது நறுக்கென்று முறிந்தது. மண்டி கரைந்த இடத்தில் கருகியிருந்தது. நெருப்பில் காட்டிக் கொன்ற பிறகு இலையில் சுற்றிக் கொடுத்திருக்கிறாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்குச் சிரித்த முகத்தோடு அடுப்பருகே நின்றிருக்கிறாள்.

கத்தியிருக்கலாம். கத்தினால் கருகிய கயிற்றை யார் நம்புவார்கள்? தோற்றவள் உளறுகிறாள் என்பார்கள். யூலேலியா வெளியே வந்தாள்.

"எனக்கு அடிமண்டிதான் பிடிக்கும். இன்னொரு குடுவை குடு. பானையோட அடியிலேர்ந்து."

பெர்பெச்சுவா தயங்கினாள். ஆனால் துக்க வீட்டில் விதவை கேட்ட குடுவையை, அத்தனை பேர் முன்னால், எப்படி மறுப்பது? கலக்கி அள்ளிக் கொடுத்தாள். யூலேலியா ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. தன் சாற்றை மறுபடி ஒரு கொதி விட்டு, ஆறவைத்து, அந்த மண்டியை ஊற்றினாள். பெர்பெச்சுவாவின் பானைகள் மூடியபடியே முற்றத்தில் இருந்தன.

பொழுது சாயும் முன்பே நுரை கட்டியது. காலையில் பானை விளிம்பைத் தாண்டி வழிந்தது. பாயுவோ வந்து பார்த்து, "நான் நேத்தே சொன்னேன், அண்ணன் நல்லவரு," என்றான்.

சடங்கு முடிந்ததும் யூலேலியா ஒரு குடுவை மொண்டு, முதல் வாய் குடித்து, பெர்பெச்சுவாவிடம் நீட்டினாள்.

"குடி. உறை குடுத்தியே, ரொம்ப நன்றி."

ஒரு கிழவர் வாயில் வைத்த குடுவையை அப்படியே வைத்திருந்தார். பெர்பெச்சுவா வாங்கினாள், குடித்தாள். அவளுக்கும் ருசி தெரியும். குடுவையைக் கீழே வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போனாள்.

யூலேலியா புதிதாக இரண்டு கயிறு முறுக்கி அந்த மண்டியில் ஊறவைத்தாள். ஒன்று சுவரில். மற்றதை வேறொரு வீட்டில் வைப்பதுதான் முறை. இத்தனை காலமும் அந்த வீடு எதுவென்று அவள் யோசித்ததே இல்லை. இப்போது ஊரை வீடுவீடாக மனதில் சுற்றிவந்தாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு சிரித்த முகம் நின்றது. கடைசியில் ஜெசிந்தாவைக் கூப்பிட்டாள்.

"இதை உன் பெட்டியில வை."

"நானா அத்தே? நான்தானே துவைச்சுக் கெடுத்தேன்?"

"ஆமா. நீ கெடுத்தது எனக்குத் தெரிஞ்சுது, சோப்பு மணத்துச்சு. வெச்சுக்கோ."