அப்பு தோண்டிய குளத்துக்கு விரிப்பு தேடிப் போனது

அப்பு, கண்ணு, உன் வலைப்பதிவில் அம்மா எழுதுகிறேன். நோட்டில் எழுதித் தருவதை உன் தங்கை கம்ப்யூட்டரில் அடித்துப் போடுகிறாள்.

படிக்கிறவர்களுக்கு: மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், மருந்து போடாத நீச்சல் குளம் ஒன்றை என் மகன் தோண்டினான். ஓரத்தில் கோரையும் அல்லியும் இருந்தால் அதுவே தண்ணீரைச் சுத்தம் செய்யுமாம். அடியில் தண்ணீர் ஒழுகாமல் இருக்க பிளாஸ்டிக் விரிப்பு போடுவதற்குள் அவன் எங்களை விட்டுப் போய்விட்டான். எங்கள் ஊர் மணலில் தண்ணீர் நிற்காது. "அந்தக் குழியப் பாத்தா எனக்குச் சோறு எறங்கல. தண்ணி நிக்கலைன்னா மூடிடுவேன்" என்று அவன் அப்பா மண் லாரிக்குச் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்த 2008 மே மாதம் நான் கிளம்பினேன்.

முதல் நாள் காலை ஏழரைக்கு செங்கல்பட்டு பஸ். முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். கடைக்காரர் நீல விரிப்பைக் காட்டினார். சதுர அடி நாற்பத்தைந்து ரூபாய்.

"குளம் மாதிரி தெரியணுங்க. கருப்பு இல்லையா?"

"கருப்புல எவன்மா குளிப்பான்? எருமையா?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கடப்பாக்கம் பக்கம் இறால் பண்ணைல கேளு. குட்டைல விரிச்ச பழசு கெடக்கும்."

மறுநாள் கடற்கரைச் சாலை பஸ்ஸில் ஐம்பது கிலோமீட்டர். இறங்கி வெயிலில் அரை மணி நடை. கால் ஓய்ந்துவிட்டது. மூடிப்போன பண்ணை ஒன்றில் காவல்காரர் இருந்தார்.

"இன்னாக்கா, இறால் வுடப் போறியா?"

"மனுஷங்க குளிக்கண்ணே."

"அப்ப நாலு தபா கழுவு. இல்லாட்டி பூனைங்கதான் வரும்."

பழைய கருப்பு விரிப்பு சதுர அடி மூன்று ரூபாய். எங்கள் குழி இருபதுக்குப் பதினைந்து அடி, ஆழம் ஐந்தடி. நீளத்தோடு இரண்டு பங்கு ஆழமும், கரைக்கு இரண்டடியும் கூட்டுங்கள். அகலத்துக்கும் அப்படியே. ஏற்றி வந்த குட்டியானை வண்டிக்கு வாடகை தொள்ளாயிரம்.

வீட்டில் நானும் மகளும் விரிப்பை நாலு முறை கழுவி, கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தோம். வலையில் கிழிசல் பார்ப்பது போல, வெளிச்சம் தெரிந்த இடத்திலெல்லாம் சுண்ணாம்புப் பொட்டு வைத்தோம். பதினேழு பொட்டு. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டச் சொன்னேன். விடிந்தால் எல்லாம் பெயர்ந்து கிடந்தது. இந்த பிளாஸ்டிக்கில் பசை பிடிக்காதாம். அதே விரிப்பில் துண்டு வெட்டி வைத்து, மேலே செய்தித்தாள் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினோம். உருகி ஒட்டிக்கொண்டது.

விரிப்பைக் குழியில் இறக்கினோம். பிளாஸ்டிக் தெரியாமலிருக்க, கோணிகளைச் சேர்த்துத் தைத்து மேலே விரித்தோம். ஏரிக் களிமண்ணைக் குழைத்து அதில் பூசினோம். டிராக்டர் லோடு எழுநூறு. கோணி இல்லாவிட்டால் சரிவில் மண் நிற்காது. விரிப்பு போடும் முன் குழியில் கூழாங்கல் கிடந்தால் பொறுக்கிவிடுங்கள், விரிப்பைக் குத்தும்.

நேற்று சாயங்காலம் தண்ணீர் நிரம்பியது. பார்க்கக் குளம் மாதிரியே இருந்தது. அவன் அப்பா வந்து பார்த்தார். கரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

இன்று காலை தண்ணீர் நாலு விரல் இறங்கியிருக்கிறது. நாளைக்கு மண் லாரி வரும். அவர் இன்னும் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் பார்த்தேன்.

அப்பு, இது புதுக் கோணியும் மண்ணும் குடித்த தண்ணீரா, இல்லை நாங்கள் பொட்டு வைக்காமல் விட்ட ஓட்டையா?