வெள்ளைக் கொண்டைக்கிளியின் நெற்றி

என் காகிதப் பறவைகளைக் கேட்காமல் யாராவது தொட்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். தெம்பனிஸ் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதி என்னுடையது. இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களைத் தடித்த தாளில் அச்சடித்து, மை தீர்ந்த பேனாவால் மடிப்புக் கோடுகளை அழுத்தி, பல்குச்சியால் பசை தொட்டு ஒட்டுவேன். பூநாரை, இருவாச்சி, முழ நீளத்துக்கு வால் நீட்டும் மக்காவ் கிளி எல்லாம் செய்தாயிற்று. "வேலை முடிஞ்சு வந்தும் வேலையா?" என்று என் கணவர் கிண்டல் செய்வார். அவர் விடிய விடியக் கால்பந்து பார்ப்பதை நான் ஏதாவது கேட்கிறேனா?

அக்காவின் கணவர் இறந்த பிறகு, அக்கா செங்காங்கில் இருந்த தன் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து தங்கினாள். அவள் பேசினால் லிஃப்ட் வரைக்கும் கேட்கும் என்று அத்தான் இருந்தபோது சொல்வார். அப்படிப்பட்டவள், எங்கள் வீட்டு வாசல் மணி அடித்தாலே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை, அவளாகத்தான். "வர்றவங்களுக்கு எதுக்குச் சங்கடம்?" என்பாள்.

ஒரு சாயங்காலம் கேட்காமலேயே என் கத்தரிக்கோலை எடுத்தாள். கத்தலாம் என்று வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். நான் செய்துகொண்டிருந்த வெள்ளைக் கொண்டைக்கிளி ஜோடிக்கான மஞ்சள் கொண்டைகளை இழை இழையாக நறுக்கி, ஒவ்வொன்றையும் கத்தி முனையில் இழுத்துச் சுருட்டிவிட்டாள். நான் வெட்டினால் அது துடைப்பம் மாதிரி இருக்கும். அடேயப்பா, என்ன நறுவிசு! அன்றிலிருந்து அந்த ஜோடிக் கிளிகள் அவளுடையவை. "கையைக் கழுவிட்டுத் தொடுடி" என்று எனக்கே அதட்டல்.

நவராத்திரி வந்தது. கொலுவின் மேல்படிகளில் தேக்கா சந்தையில் வாங்கிய மண் பொம்மைகள், கடைசிப் படியில் என் பறவைகள், நடுவில் அக்காவின் ஜோடி.

"வர்றவங்ககிட்ட நீயே சொல்லுக்கா, நீ செஞ்சதுன்னு."

"போடி. வெத்தலை பாக்கு குடுக்கிற இடத்துல நான் எதுக்கு? என்ன பண்றதுன்னு தெரியாம முழிப்பாங்க."

சுண்டலைத் தாளித்துக் கிண்ணங்களில் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். முதல் மணி அடித்ததும் அறைக்கதவு சாத்திக்கொண்டது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் குடியிருக்கும் பெண்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அவர்களில் பத்தாவது மாடி ஆன்ட்டிக்குப் பக்தி கொஞ்சம் கூடுதல். நான் நீட்டிய குங்குமச் சிமிழை வாங்கித் தான் இட்டுக்கொண்டவர், அதோடு விடாமல் பொம்மைகளுக்கும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே கீழே வந்தார். "ஆன்ட்டி, வேணாம்லா!" என்று நான் கத்துவதற்குள், ஒரு கொண்டைக்கிளியின் நெற்றியில் செக்கச்செவேலென்று ஒரு பொட்டு.

அறைக்கதவு படாரென்று திறந்தது. இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்!

"ஐயையோ, என் கிளி!"

தலைமுடியைக்கூட முடிந்துகொள்ளாமல் ஓடிவந்து கிளியைத் தூக்கினாள். ஊதினாள், துடைத்தாள். சிவப்பு இன்னும் பரவியதுதான் மிச்சம்.

"எத்தனை நாளா வெட்டினேன் தெரியுமா ஆன்ட்டி! காகிதத்துல போய் யாராச்சும் குங்குமம் வைப்பாங்களா?"

லிஃப்ட் வரைக்கும் கேட்டிருக்கும். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"மீனாட்சி கிளின்னு நெனச்சுட்டேன்மா, சாரி" என்றார் ஆன்ட்டி, பாவம்.

அக்காவுக்குக் கோபம் இறங்கியது. கிளியை அதன் ஜோடிக்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஆன்ட்டி கையிலிருந்த சிமிழில் விரலைத் தொட்டு, அடுத்த கிளிக்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

"இது மட்டும் எதுக்கு வெறும் நெத்தியோட நிக்கணும்?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சிவந்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு அறைப்பக்கம் திரும்பினாள்.

ஆன்ட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க ஓடுற? என்னைத் திட்டிட்டு அப்படியே போயிடுவியா?" என்று சொல்லிக்கொண்டே அவள் நெற்றியில் குங்குமத்தை வைத்தார்.

அக்கா கையை உயர்த்தினாள். அழித்துவிடுவாள் என்று என் உயிரே போய்விட்டது. அவள் முடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

"சுண்டல்ல உப்பு சரியா இருக்கா ஆன்ட்டி?"

வாசல் மணி மறுபடி அடித்தது. நான் நகர்வதற்குள் அக்கா போய்க் கதவைத் திறந்தாள்.