வெள்ளையன் வீட்டுப் புளி

நான் உண்மையைச் சொல்லி ஒரு மனிதரைக் கெடுத்தேன். அதை மறைக்க அவரிடமே பொய்யும் சொன்னேன். இரண்டு வருடங்களாக யாரிடமும் சொல்லாததை இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

ஜவ்வாது மலையில், ஒரே ஆசிரியர் உள்ள பள்ளியில் எனக்கு வேலை. அப்போது வயது இருபத்திரண்டு. அந்த ஊரில் நான் ஒருவன்தான் கிறிஸ்தவன். பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கிய வாய்... கேள்வி முடியுமுன் பதில் வந்துவிடும்!

காட்டுப் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்த போளூர்க்காரர் ஒருநாள் வனக்காவலரோடு பள்ளிக்கு வந்தார். சிரித்த முகம்.

“சார், வேதக்காரங்க பொய்யே சொல்லமாட்டாங்களாமே, மெய்தானா?”

“ஆமாங்க” என்றேன். நெஞ்சு நிமிர்ந்தது.

“அப்போ சொல்லுங்க. வெள்ளையன் வூட்டுப் பரண்ல புளி கீதா, இல்லியா? ரெண்டுல ஒண்ணு. வாயத் தொறக்காம இருந்தா அதுவும் பொய்தான சார்?”

“இருக்குது.”

அவர் காவலரைப் பார்த்தார். “கேட்டியா? வாத்தியாரே சொல்லிட்டாரு. நட!”

அது காட்டுப் புளி அல்ல. வெள்ளையன் அண்ணனின் சொந்த நிலத்து மரத்துப் புளி. அவர் ஏறி உலுக்க, கீழே நின்று கூடையில் பொறுக்கியவனே நான்! அதைக் குத்தகைக்காரர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் சத்தியவான் ஆகிவிடலாமா?

இயேசுவை மடக்க வந்தவர்களிடம் அவர் அவசரப்பட்டதே இல்லை. திருப்பிக் கேட்டார், சில வேளை வாயே திறக்கவில்லை. சொந்த ஊரில், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். ‘வெள்ளையன் அண்ணனையே கேளுங்களேன்’ என்றாவது சொல்லியிருக்கலாம்...

அவர்கள் படியிறங்கும்போதே புரிந்துவிட்டது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. பொய் சொல்லாத வாத்தியார் என்ற பெயர் அவ்வளவு இனித்தது.

வெள்ளையன் அண்ணன் அப்போது சாமைக் கொல்லையில் இருந்தார். காட்டில் திருடிய புளி என்று சொல்லி, பரணில் இருந்ததையெல்லாம் போளூருக்கு அள்ளிப்போனார்கள். செத்துப்போன ஏர்மாட்டுக்கு ஈடாக இன்னொன்றை, அந்தப் புளியை விற்றுத்தான் செங்கம் சந்தையில் பிடிக்க இருந்தார்.

சாயங்காலம் என்னைத் தேடி வந்தார்.

“சார், எவனோ சொல்லிக்கீறான். உங்களுக்கு எதுனா தெரியுமா?”

அந்தக் கேள்வியில் எந்தப் பொறியும் இல்லை.

“தெரியாதுண்ணா.”

“நீங்க சொன்னா சரி சார். வேற எவன் சொன்னாலும் நம்பமாட்டேன்.” மடியிலிருந்து ஓர் உருண்டைப் புளியை எடுத்து நீட்டினார். “பானைல கொஞ்சம் கெடந்துச்சி. ரசம் வெச்சிக்கோங்க.”

மடக்கக் கேட்டவருக்கு உண்மை. நம்பிக் கேட்டவருக்குப் பொய். இதுதான் என் விசுவாசமா?

அந்த ஆடியில் நுகத்தின் ஒரு பக்கம் மாடு, மறுபக்கம் அவர். மனைவி கலப்பையைப் பிடித்தார். பள்ளி ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிந்தது. நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

புளி உருண்டை என் தகரப் பெட்டியில் கறுத்துக் கிடக்கிறது. இன்றைக்கும் பள்ளியைக் கடக்கும்போது, “இன்னா சார், நல்லா கீறீங்களா?” என்று கேட்கிறார்.

தலையை மட்டும் ஆட்டுகிறேன்.