அமாவாசையன்று சீனக் கடையில் ஓர் ஆரஞ்சு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்தேன். அமாவாசையும் அதுவுமாகக் கறி வேகிற கடையில் போய் உட்கார்ந்தாள் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்களே என்ற பயந்தான். இப்போது அந்தப் பயம் போய்விட்டது. முருகன் பார்த்துக்கொள்வான்.

எண்பதுகளின் நடுவில் டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மிஷின் வேலை பழக என் மகனை அவன் கம்பெனி ஆறு மாதம் சீனாவில் காண்டன் நகரத்துக்கு அனுப்புவதாக இருந்தது. முட்டைகூடத் தொடாத பிள்ளை. கீழ்வீட்டுக்காரர் வேறு, "அங்க பாம்பையே சூப் வைக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவன் சாப்பாட்டுக்கு ஒரு வழி தெரியாமல் அனுப்ப மாட்டேன் என்று நின்றுவிட்டேன்.

"சீனாக்காரங்க ஹோட்டல் ஒண்ணு இருக்குன்னியே, அங்க போய்க் கேப்போம். நாளைக்கு நிறைஞ்ச அமாவாசை."

"இந்த ஊர்ல யாரும் அமாவாசைல நல்ல காரியத்துக்குக் கிளம்ப மாட்டாங்கம்மா."

"நாம கிளம்புவோம்."

மத்தியானம் கூட்டம் கலைந்த நேரம். கல்லாவில் இருந்த சீன அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். காண்டனில் பிறந்து, சிறு பெண்ணாகக் கல்கத்தா வந்தவளாம். ஹிந்தி என்னைவிட நன்றாகவே பேசினாள்.

"மெனு தரட்டுமா, பெஹன்ஜி?"

"சாப்பிட வரலை. கேக்க வந்தோம்" என்றேன். மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

விஷயத்தைச் சொன்னதும் எதிரே வந்து உட்கார்ந்தாள். அந்த ஊரில் காலையில் குடும்பத்தோடு டீக்கடைக்குப் போவார்களாம். மூங்கில் கூடையில் வெந்த கொழுக்கட்டை மாதிரி ஒன்று வருமாம்.

"உள்ளே பூரணமா?" என்று நிமிர்ந்தேன்.

"இறால்."

"பாம்பு?"

"அது விலை ஜாஸ்தி. உங்க பிள்ளைக்கு யாரும் சும்மா ஊத்த மாட்டாங்க."

என்ன எண்ணெய் என்று கேட்டேன். கீரை வதக்கினாலும் பன்றிக் கொழுப்பு விடுகிற கடைகள் உண்டு என்று மறைக்காமல் சொன்னாள். மனசு விட்டுப்போய் எழுந்துவிட்டேன்.

"ஒரு வாய் டீயாவது குடிங்க."

"இன்னைக்கு அமாவாசை. வெளியில கை நனைக்க மாட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். "நானும் இன்னைக்குக் கறி தொடலை. அமாவாசை, பௌர்ணமி ரெண்டு நாளும் எங்க அம்மா அப்படித்தான் இருப்பாங்க."

கல்லாவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. வெள்ளை உடுத்திய ஒரு பெண் தெய்வம், முன்னால் ஊதுபத்தி, ஆரஞ்சுப் பழங்கள். உள்ளே வரும்போது நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"அங்கயும் புத்தர் கோயில் பக்கம் சைவக் கடை இருக்கும். கொழுப்பு கிடையாது. வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டாங்க."

"வெங்காயங்கூடவா?" எங்கள் வீட்டில் அமாவாசைச் சமையல் அதேதான்.

அந்தக் கடையைக் கேட்டு விசாரிக்கும் வார்த்தையை, வாய்ப்பாடு மாதிரி மகனைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். பிறகு சாமி முன்னாலிருந்து ஒரு பழத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். மகன் என் முகத்தையே பார்த்தான். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உரித்தேன். பாதியை அவனுக்குக் கொடுத்தேன்.

"அப்ப நான் போலாமாம்மா?"

"போயிட்டு வா."

இளைத்துத்தான் திரும்பினான். கோயில் கடையில் வாத்துக்கறி மாதிரியே கோதுமையில் செய்து வைத்திருந்ததை நிஜக் கறி என்று நினைத்து, முதல் நாள் எழுந்து ஓடப் பார்த்தானாம்.

சீனாக்காரி நம்ம சாமியைக் கும்பிடுகிறாள் என்று பிற்பாடு காலனியில் கதை கட்டினார்கள். இல்லை. அவள் கும்பிட்டது அவள் சாமியை. விரதம் அவள் அம்மா இருந்த விரதம். யாருக்காவது இதைச் சொன்னால் இப்படியே சொல்லுங்கள். நான் அந்த ஆரஞ்சைத் தின்றதையும் விட்டுவிட வேண்டாம்.