ஒன்றரை அடி

துறைமுகத்தில் அவருக்கு ஸ்கேல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பதிவேட்டோடு சரி; மனைவியின் போனிலேயே அவர் நம்பர் ஸ்கேல் என்றுதான் இருக்கிறது. தரையில் கோடு போடுவது வேலை. லாரி எங்கே நிற்கணும், ஆள் எங்கே நடக்கணும், எதைத் தாண்டினால் கிரேன் மோதும், எல்லாம் அவர் கை பெயின்ட்தான். ஆறு வருடமாகத் தற்காலிகம். திங்கட்கிழமை வரவிருந்த நிரந்தரப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது.

புதிய சுங்க விதியும் அதே திங்கட்கிழமைதான் அமலுக்கு வருகிறது. இதுவரை கப்பலிலிருந்து இறங்கும் கன்டெய்னர் லாரி ஏறி நேரே வெளியே போய்விடும். இனி ஒவ்வொரு லாரியும் நின்று, காகிதம் காட்டி, சீல் சரிபார்த்த பிறகுதான் நகர முடியும். அதற்காகப் பழைய லாரி நிறுத்தத்தில் நான்கு பாதைகள், பாதைக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. ஸ்கேல் மூன்று நாளில் கோடுகளை முடித்தார். வெள்ளிக்கிழமை காலை கூண்டுகள் வந்து இறங்கின. நான்கு மணிக்கு மேலாளர் முன்னால் ஒத்திகை.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தவர், முதல் கூண்டுக்கும் தன் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவே சும்மா பாதத்தை வைத்துப் பார்த்தார். இரண்டரை அடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பாதம்தான் போனது. கூண்டு வைத்தவன்தான் சொதப்பியிருக்கிறான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு டேப்பை எடுத்தார்.

அங்கே எதை அளந்தாலும் கிடங்கு ஓரத்து மஞ்சள் கோட்டிலிருந்துதான் அளப்பார்கள். அவரும் அப்படித்தான் அளந்திருந்தார். மண்டியிட்டு டேப் நுனியை வைத்தபோது, பக்கத்தில் சுரண்டி எடுத்த பழைய மஞ்சளின் தடம் கண்ணில் பட்டது. இரண்டு மாதம் முன்னால் கிரேன் தண்டவாளத்துக்காக அந்தக் கோட்டை ஒன்றரை அடி நகர்த்தச் சொன்னார்கள். நகர்த்தியது அவரேதான்; புதுப் பாதைகளுக்கு அளக்கும்போது அதை மறந்து பழைய கணக்கிலேயே அளந்துவிட்டார். கூண்டு வைத்தவர்கள் வெளியாட்கள். மஞ்சள் கோட்டுப் பழக்கம் தெரியாததால் கிடங்குத் தூணிலிருந்து அளந்து சரியாக வைத்திருந்தார்கள்.

சொன்னால் பட்டியல் போச்சு. சொல்லாவிட்டால்? பழி கூண்டுக்காரர்கள் தலையில் விழும், அவர்கள் நாளை இங்கே இருக்கப் போவதில்லை. சூப்பர்வைசர் அறை வரை இரண்டு தடவை போனார். சார் போனில் இருந்தது நல்ல சாக்காகப் போயிற்று. ஒத்திகை லாரியை ஓட்டப்போவது மனைவியின் தம்பி; எந்தச் சந்திலும் வண்டியைச் செருகிவிடுகிற ஆள். எப்படியாவது தாண்டிவிடுவான் என்று நினைத்துக்கொண்டார்.

நான்கு மணிக்கு மச்சினன் லாரியிலிருந்து தலையை நீட்டினான்.

"என்ன மச்சான், மூஞ்சி காஞ்ச பெயின்ட் டப்பா மாதிரி இருக்கு? கவலைப்படாதீங்க. உங்க கோட்டை நம்பி கண்ணை மூடிட்டு வருவேன்."

லாரி உருண்டது. முதல் கூண்டில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த அதிகாரிப் பெண், காகிதம் வாங்குகிற ஆர்வத்தில் இடுப்பு வரை வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரியின் பக்கக் கண்ணாடி அவள் தலை உயரத்தில் வந்துகொண்டிருந்தது. மச்சினன் பார்வை அவள் மேல் இல்லை; வெள்ளைக் கோட்டின் மேல் இருந்தது.

ஸ்கேல் பாதைக்குள் ஓடி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு லாரிக்கு முன்னால் நின்றார்.

பிரேக் சத்தம் அடங்கியபோது, பக்கக் கண்ணாடிக்கும் பெண்ணுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. சூப்பர்வைசர் ஓடி வந்து, உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டார். அதற்குள் யாரோ கூண்டு வைத்தவர்களைத் திட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

"கூண்டு சரியாத்தான் இருக்கு சார்," என்றார் ஸ்கேல். "கோடுதான் தப்பு. நான் தப்பா அளந்துட்டேன். ஒன்றரை அடி."

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நடந்தார். சூப்பர்வைசர்தான் ஐந்து மணிக்குக் கூப்பிட்டுச் சொன்னார். இந்தத் தடவை பெயரை அனுப்ப முடியாது, மேலே கேட்டால் பதில் சொல்ல வாயில்லை. ஸ்கேல் தலையாட்டினார். எத்தனை டப்பா பெயின்ட் வேண்டும் என்று கேட்டார் சூப்பர்வைசர். நாலு பாதைக்கும் சேர்த்துப் பன்னிரண்டு என்றார்.

திரும்பி வந்தபோது மச்சினன் வீட்டுக்குப் போகாமல் லாரிப் படியில் உட்கார்ந்திருந்தான்.

"அக்காகிட்ட நான் சொல்லிடவா மச்சான்?"

"வேணாம். அதையும் நானே சொல்லிக்கிறேன்."

டேப்பின் நுனியை அவன் கையில் கொடுத்து, கிடங்குத் தூணைக் காட்டினார்.

"அங்க வெச்சு அழுத்திப் பிடி."